சின்ன மாத்திரை

பூனை சினையாக இருக்கிறது என்றுதான் தெருவே நம்பியது.

தீபாவளிக்கு முன்பே மினுக்கிக்கு வயிறு இறங்கிவிட்டது. நடந்தால் இரண்டு பக்கமும் ஆடியது. எந்நேரமும் தண்ணீர். சட்டியில் வைத்தது போதாமல் குழாயடி வாளியில் முன்னங்காலை ஊன்றி எக்கி எக்கிக் குடித்தது. அரிசி களைந்த கழுநீரையும் விடவில்லை. குடித்துவிட்டுச் சாம்பல் குவியலை நனைத்துவிட்டு வந்து மறுபடியும் குடித்தது. "மசக்கைடி அதுக்கு. நாலு குட்டியாவது போடும், எனக்கு ஒண்ணு எடுத்து வையி" என்று கூட நடவுக்கு வரும் அமிர்தம் சொல்லி வைத்திருந்தாள். பூனையை வளர்க்கும் லூசியும் பழைய புடவையைக் கிழித்து அட்டைப்பெட்டியில் மெத்தென்று விரித்து வைத்தாள். பூனைக்கு இரண்டு மாதக் கணக்கு. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, தை பிறந்து வனத்து அந்தோணியார் திருநாளும் வந்துவிட்டது. குட்டிதான் வரவில்லை.

அன்றைக்குக் கோயில் வாசலில் மாடுகளை வரிசையாக நிறுத்திச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். வேதக்காரர், இந்து என்றில்லாமல் சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் கொம்பில் வர்ணத்தோடு நின்றன. மாடில்லாத லூசி பூனையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். முன்னால் தன் உழவு மாடுகளோடு நின்ற காசிநாதன் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு ஏக்கர் கழனிக்காரர்.

"இன்னா லூசி, எத்தினி லிட்டர் கறக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். லூசியும் சிரித்தாள். தீர்த்தம் பட்டதும் மினுக்கி உடம்பைச் சிலிர்க்கவில்லை. அதன் காது நுனி இரண்டும் உள்பக்கமாக மடிந்து, வாடிய வெற்றிலை மாதிரி இருந்ததை லூசி அப்போதுதான் கவனித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

லூசி நடவுக்கு ஆள் சேர்ப்பவள். மணலூர்பேட்டையைச் சுற்றிப் பெண்ணையாற்றுப் பக்கக் கழனிகளில் அவளோடு சேர்த்துப் பதினைந்து பெண்கள் இறங்கினால், பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஒரு ஏக்கர் பச்சையாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி இல்லை. ஒரு மார்கழிக் காலையில் அவள் கக்கூஸுக்குப் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாற்பத்து நாலு வயதில் முழங்கால் இரண்டும் கல்லாகிப் போயின. நடவுக்காரிக்கு முழங்காலும் இடுப்பும் போனால் அப்புறம் அவள் பேச்சை யார் கேட்பார்கள்?

மெடிக்கல் வைத்திருந்த தீனதயாளனிடம் போனாள். ஊரில் காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி எதுவானாலும் டாக்டரிடம் போகிற வழக்கமில்லை. மெடிக்கலில் போய், "ஒரு செட்டு குடுப்பா" என்றால் போதும். தீனதயாளன் நாலைந்து டப்பாக்களைத் திறந்து, ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு குழல் மாத்திரை, கடைசியாக மிளகளவில் பச்சையாய் ஒன்று என்று பேப்பரில் மடித்துத் தருவான். மறுநாள் லூசி எழுந்து நடந்தாள். கீலில் எண்ணெய் விட்டாற்போல இருந்தது. ஒரு நாள் வெள்ளையை விட்டுப் பார்த்தாள், ஒரு நாள் மஞ்சளை விட்டுப் பார்த்தாள். வலி வரவில்லை. பச்சையை விட்ட அன்றைக்குத்தான் வந்தது. அப்புறம் கடைக்குப் போனபோது, "அந்தச் சின்னத மட்டும் குடு தம்பி" என்று கேட்டு வாங்கினாள். தானே கண்டுபிடித்த மருந்து என்பதில் அவளுக்கு ஒரு கர்வம்.

அந்தக் கர்வம்தான் பின்னால் அமிர்தத்துக்கு ஒன்று கொடுக்க வைத்தது. ஐம்பத்தெட்டு வயதில் அமிர்தம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்த நாள் அது. அமிர்தம் எழுந்து நட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். லூசி பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். கழனியில் இறங்குவதற்கு முன் பெண்கள் வரிசையாக நின்று உள்ளங்கையை நீட்டுவார்கள். ஒவ்வொரு கையிலும் ஒன்று வைப்பாள். பூசையில் நற்கருணை வாங்குகிற மாதிரியே இருக்கிறதே என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. பாவம் என்று உடனே சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் உள்ளுக்குள் இனித்தது. யாரைக் கேட்டாலும் "லூசி ஆளுங்களக் கூப்பிடு" என்றார்கள். பெண்களுக்கு முகம் உருண்டது, கன்னம் பூரித்தது. "லூசியோட போறவளுங்கள பாரு, கூலிக்குப் போறாளுங்களா கல்யாணத்துக்குப் போறாளுங்களா" என்று ஊர் கண்வைத்தது.

மினுக்கிக்குக் கொடுத்ததும் அதே இனிப்பில்தான். போன வைகாசியில் அது கழுத்தைச் சொறிந்து சொறிந்து ரணமாக்கிக்கொண்டது. வேப்பெண்ணெய் கேட்கவில்லை, மஞ்சள் கேட்கவில்லை. லூசி பச்சை மாத்திரையைக் கத்தியால் நாலாக நறுக்கி, ஒரு துண்டை நுணுக்கி நெத்திலித் தலையில் வைத்துக் கொடுத்தாள். பத்து நாளில் புண் காய்ந்து மயிர் முளைத்தது. இரண்டு நாள் நிறுத்தினால் மறுபடி சொறிந்தது. ஆகவே நிறுத்தவே இல்லை.

திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் சின்னப்பன் வீட்டில் இருந்தான். அவன் லாரியில் மூட்டைக்காரன். வெள்ளிமலைக்குப் போய் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஒரு சவாரியில்தான் மினுக்கியைக் கைப்பிடிக் குட்டியாகச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். பிள்ளை இரண்டும் திருப்பூருக்குப் போய்விட்ட வீட்டில் அவன் வாய்விட்டுப் பேசுவது அந்தப் பூனையிடம்தான்.

லூசி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். பூனை அடுப்பு மேடையில் காலை வைத்தது. "சூடு, சூடு" என்று பிடரியைப் பிடித்துத் தூக்கினாள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுகிற இடம்; ஆயிரம் தடவை பிடித்த இடம். நனைந்த காகிதம் கிழிகிற மாதிரி தோல் அவள் விரலோடு வந்துவிட்டது. பூனை கீழே விழுந்தது. கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதை செக்கச்செவேலென்று தெரிந்தது. ரத்தம் அதிகம் இல்லை.

மினுக்கி கத்தவில்லை. எழுந்து, ஆடி ஆடிப் போய்ச் சட்டியில் தண்ணீர் குடித்தது.

"இன்னாடி பண்ண?" சின்னப்பன் ஓடி வந்தான்.

"ஒண்ணும் பண்ணலயா. புடிச்சேன், அவ்ளோதான்."

"புடிச்சா தோலு கையோட வருமா? தெனம் நூறு மூட்ட தூக்கறன், கோணி கூட இப்பிடிக் கிழியாதே."

"எனக்கு இன்னாய்யா தெரியும்? மாதாவே..."

அவன் பூனையைத் தூக்கப் போய், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கையைப் பின்வாங்கிக்கொண்டான். "சோத்தத் தவிர இன்னா குடுத்த இதுக்கு?"

"மாத்திரதான். நல்ல மாத்திர அது. அதாலதான் சொறி போச்சி."

"சொறி போச்சி. தோலும் போச்சி. நிறுத்துடி அந்தக் கருமத்த."

நிறுத்தினாள். அன்றைக்கே, ஒரேயடியாக. மஞ்சளைக் குழைத்துப் பூசி, வேட்டித்துணியால் கட்டி, அட்டைப்பெட்டியில் படுக்க வைத்தாள். விஷத்தை நிறுத்திவிட்டோம், இனி தேறிவிடும் என்று இருந்தாள். செவ்வாய்க்கிழமை மினுக்கி மீனை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதன்கிழமை வாந்தி எடுத்தது. வியாழக்கிழமை காலை அது தரையோடு தரையாகக் கிடந்தது. பாதத்தைத் தொட்டால் பனியில் கிடந்த கல் மாதிரி சில்லென்றிருந்தது. சின்னப்பன் விடியலிலேயே லாரிக்குப் போயிருந்தான். லூசி அன்றைய நடவையும் அன்றைய மாத்திரைகளையும் அமிர்தத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஒயர்க்கூடையில் புடவையைப் போட்டு, பூனையை உள்ளே வைத்து, மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே பசுக்களும் ஆடுகளுமாக நின்றன. கழிச்சல் கண்ட கிடாவோடு உட்கார்ந்திருந்த கிழவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பூனைக்கா பஸ் புடிச்சிக்கினு வந்த? எங்கூர்ல புள்ளையையே இட்டுக்கினு வரமாட்டாளுங்க."

லூசி முந்தானையால் கூடையை மூடிக்கொண்டாள்.

டாக்டர் இளஞ்செழியன் சின்ன வயதுக்காரர். மாட்டைத் தடவிய கையைக் கழுவிவிட்டு வந்து பூனையைத் தூக்கி மேசையில் வைத்தார். வயிற்றை அமுக்கினார். மடிந்த காதை நிமிர்த்தினார். அது மறுபடி மடிந்தது. கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார்.

"சினைன்னு நெனச்சீங்களாம்மா?"

"ஆமா சார்."

"வயித்துச் சதை இத்துப்போய் தொங்குது. குட்டி இல்ல. இந்தத் தோல்ல தையல் கூட போட முடியாது, நூலே அறுத்துடும். என்ன மருந்து குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க."

லூசி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொட்டலத்தைக் காட்டினாள். அவர் ஒரு மாத்திரையை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எவ்ளோ நாளா?"

"எட்டு மாசமா. ஞாயித்துக்கெழம நிறுத்திட்டேன் சார். கரெக்டா நிறுத்திட்டேன்."

"அதாம்மா தப்பு." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "குடுத்தது முத தப்பு. திடீர்னு நிறுத்தினது ரெண்டாவது. கிட்னிக்கு மேல துளியூண்டு ஒரு சுரப்பி இருக்குது, அட்ரினல்னு பேரு. பூனைக்கும் இருக்கு, நமக்கும் இருக்கு. உடம்பு எழுந்து நடமாட, அடிபட்டா தாங்க, அது தினம் ஒரு சாறு சுரக்கும். இந்த மாத்திரை அதே சாறுதான், ஆனா பல மடங்கு. வெளியிலேர்ந்து வந்துகிட்டே இருந்தா உள்ள இருக்கறது..."

"கூலிக்கு ஆளு வந்துட்டா வூட்டாளு படுத்துக்கற மாதிரி."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். படுத்துப் படுத்து சுருங்கிடும். திடீர்னு கூலியாளையும் நிறுத்திட்டீங்க. வெளியிலயும் இல்ல, உள்ளயும் இல்ல."

அவர் ஊசியில் மருந்து ஏற்றினார். லூசி கேட்டாள், "அது இன்னா ஊசி சார்?"

"இதே மருந்துதாம்மா."

"குடுத்ததே தப்புன்னுதான சொன்னீங்க?"

"இப்ப இது இல்லாம உயிர் நிக்காது. பொழச்சா, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும்." ஊசியைப் போட்டுவிட்டு, தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணீரும் ஏற்றினார். பிறகு பூனையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உருண்ட முகம். முழங்கைக்குக் கீழே நாவல்பழம் நசுங்கினாற்போல அங்கங்கே கன்றல். நாற்றுத்தாள் உரசினதாலே வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த கன்றல்.

"நீங்களும் சாப்பிடறீங்களா?"

"ரெண்டு வருஷமா."

"கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இந்தப் பொட்டலத்தையே காட்டுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, புரியுதா? வேற யாராவது சாப்பிடறாங்களா?"

பதினாலு உள்ளங்கைகள் அவள் கண்முன் வரிசையாக நீண்டன.

"இல்ல சார்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். பயமா? பயம்தான். ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று கிடந்தது. அந்தக் கைகள் தன்னை நோக்கி நீண்டதை எவருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லை. அதைக் குற்றமென்று சொல்லிவிட்டால் இரண்டு வருஷமாகத் தான் யாராக இருந்தாளோ அவள் இல்லாமல் போய்விடுவாள். இப்படியா ஒரு மனுஷி இருப்பாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டு கூடைக்குள் கையை விட்டாள். மினுக்கியின் வயிறு ஏறி இறங்கவில்லை. எந்த ஊர் தாண்டும்போது நின்றது என்று கூட அவளுக்குத் தெரியவில்லை.

பஸ் நின்ற இடம் மெடிக்கலுக்கு எதிரில். தீனதயாளன் கடையிலிருந்தே குரல் கொடுத்தான்.

"இன்னாக்கா, கூடையில மீனா?"

அவள் கூடையைக் கொண்டுபோய்க் கடைக் கண்ணாடி மேல் வைத்துத் திறந்தாள். அவன் முகம் சுளித்துப் பின்னால் நகர்ந்தான்.

"உன் மாத்திரதான் தம்பி. டாக்டரு சொல்லிட்டாரு."

"பூனைக்கு நானாக்கா குடுத்தேன்?" அவன் குரலை உயர்த்தவில்லை. எப்போதும்போலப் பணிவாகத்தான் பேசினான். "செட்டா குடுத்தேன். அந்தச் சின்னத மட்டும் குடுன்னு நீதான வந்து நின்ன. அஞ்சு நாளைக்குத்தான் குடுத்தேன் உனக்கு. ஊருக்கெல்லாம் நானா போயி பந்தி வச்சேன்? உன் பேர சொல்லித்தான் வாங்கிக்கினு போறாளுங்க. மூடுக்கா, யாவாரம் பண்ற எடம்."

லூசி கூடையை மூடினாள். அவன் பொய்யாக ஒன்றாவது சொல்லியிருந்தால் கத்தியிருக்கலாம்.

அந்தி மயங்குகிற நேரத்துக்குச் சின்னப்பன் வந்தான். கூடையைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். குழியை மூடி, மேலே முள்ளைப் போட்டு, மண்வெட்டிமேல் சாய்ந்து நின்றான்.

"நீ இன்னிக்கி முழுங்கினியா?"

"முழுங்கினேன்."

"நாளைக்கி?"

"முழுங்கணும். திடீர்னு நிறுத்தினா இத மாதிரி ஆயிடுவேனாம்."

"முழுங்கிக்கினே இருந்தா?"

"அப்பவும் இத மாதிரிதான்யா ஆவேன்."

அவன் காறித் துப்பினான். யார்மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காசிநாதன் கழனி. தைப்பனி முழங்கால் உயரத்துக்குப் படர்ந்து கிடந்தது. சேற்றுத் தண்ணீரில் கால் வைத்தால் எலும்புக்குள் குளிர் ஏறியது. கட்டுக் கட்டாக நாற்று முடிகள் இறைந்து கிடந்த வரப்பில் பெண்கள் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். முதல் கை எப்போதும்போல அமிர்தத்தின் கை.

லூசி முடிச்சை அவிழ்க்கவில்லை. பூனையைப் பற்றிச் சொன்னாள். தோல் வந்ததைச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், கூலியாள் கதையைச் சொன்னாள். கடைசியில், "இன்னிலேர்ந்து ஆளுக்குப் பாதிதான். திங்கக்கெழம அல்லாரும் கள்ளக்குறிச்சிக்குப் போயி காட்டுவோம். அவங்க சொல்றாப்ல கொறைச்சிக்கலாம்" என்றாள்.

அமிர்தம்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"பூனைக்கும் மனுஷாளுக்கும் ஒண்ணாடி? பூன ரெண்டு கிலோ. நான் இன்னா பூனையா?"

"யக்கா, அதுக்கும் அதே சுரப்பிதான், நமக்கும் அதே..."

"சுரப்பியாம். கழுநீர் சட்டிய மோந்து பாத்துக்கினு கெடந்தவளுக்கு டாக்டர் பேச்ச பாரு. நீ சாவலயே? ரெண்டு வருஷமா முழுங்கற, கல்லாட்டம் நிக்கற."

"திங்கக்கெழம ரிஷிவந்தியத்து ஆளு நம்மள சொல்லி வச்சிருக்காரே லூசிக்கா" என்றாள் சந்தியா. வெள்ளிமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், இருபத்து நாலு வயது. கூட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இடுப்பு நோவு என்று ஒருநாள் முனகியதற்கு லூசியே கூப்பிட்டுக் கையில் வைத்தது. "நாம போவலன்னா வேற ஆள இட்டுக்குவாரு. அப்புறம் நம்மள கூப்புடமாட்டாரு."

"உடம்பு போனா எவன்டி கூப்புடுவான்?"

"உடம்பு எங்கக்கா போச்சி? இப்பதான் நல்லா பூசினாப்ல இருக்கன்னு எங்க வூட்டுக்காரரே வாயத் தொறந்து சொல்றாரு. அதப் போயி பாதியாக்கறேன்றியே."

பெண்கள் சிரித்தார்கள். அமிர்தம் சிரிக்கவில்லை. "பிச்ச போடறாப்ல பாதி பாதியா எனக்கு வாணாம். இத்தினி நாளு நீ குடுத்த, வாங்கினோம். உனக்கு இப்ப பெரிய மனுஷி ஆசை வந்துடுச்சி. சாயங்காலம் நானே போயி தீனதயாளன்கிட்ட வாங்கிக்கறேன். எறங்குங்கடி."

நீட்டிய கைகள் மடங்கின. ஒருத்தி, இரண்டு பேர் மட்டும் பாதியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள்.

ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்று லூசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நட்டாள். ஆனால் இரண்டு வருஷமாகத் தூங்கிக்கிடந்த வலி அமிர்தத்திடம் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டது. அவள் வரிசை பின்தங்கியது. ஒருமுறை நின்றாள், இன்னொரு முறை நின்றாள். பிறகு நாற்று முடியைக் கையில் பிடித்தபடியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

வரப்பிலிருந்து காசிநாதன் குரல் கொடுத்தார். "இன்னா அமிர்தம், நட வந்தியா குளிக்க வந்தியா? மதியத்துக்குள்ள முடியும்னுதான லூசிய கூப்பிட்டன்?"

"முடிச்சிடறோங்க" என்றாள் லூசி. சேற்றைத் துழாவிக்கொண்டு போய் அமிர்தத்தின் முன்னால் நின்றாள். "எழுந்திரு யக்கா. வரப்புல உக்காரு, உன் மொன வரிசைய நான் நடறேன்."

"வாணாம். எவளும் எனக்கு நட வாணாம்."

"புடி, புடி." லூசி குனிந்து அவள் முன்கையைப் பிடித்து இழுத்தாள். ஈரக்கை, சேற்றுக்கை. அமிர்தம் பாதி எழுந்தாள். அவள் பாரம் முழுக்க லூசியின் விரல்களில் இறங்கியது.

விரலுக்கடியில் ஏதோ நழுவியது. சேறுதான் நழுவுகிறது என்று லூசி நினைத்தாள். பிறகு அது எதன் நழுவல் என்று அவள் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. கையை விட்டாள். அமிர்தத்தின் முன்கையில் தோல் வெங்காயச் சருகு மாதிரி மணிக்கட்டுப் பக்கமாகச் சுருண்டு போயிருந்தது. உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. ரத்தம் அதிகம் இல்லை.

லூசி அவள் முகத்தைப் பார்த்தாள். கத்தமாட்டாளா என்று பார்த்தாள். ஒரு சத்தம் வந்தால் போதும் என்றிருந்தது.

அமிர்தம் தன் கையைத் திருப்பி, வேறொருத்தி கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கழனித் தண்ணீரை அள்ளி அதன்மேல் ஊற்றினாள். சுருண்ட தோலை இன்னொரு கையால் இழுத்து, கிழிந்த புடவையைச் சரிசெய்வதுபோல, பழைய இடத்தில் வைத்து அமுக்கினாள்.

"வலிக்கவே இல்லடி" என்றாள். "இடுப்புதான் கொல்லுது."

அப்புறம் அந்தக் கையையே லூசியின் முன்னால் நீட்டினாள். உள்ளங்கை மேலே இருந்தது.

"குடு."

வரப்பில் காசிநாதன் மறுபடியும் ஏதோ சொன்னார். லூசி சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். சின்ன மாத்திரை ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்து இரண்டாகக் கடித்தாள். ஒரு பாதியை அந்தக் கையில் வைத்தாள். வாயில் மிஞ்சிய பாதியைத் துப்புவோமா என்று நினைப்பதற்குள், இரண்டு வருஷத்துப் பழக்கத்தில், தொண்டை அதை விழுங்கிவிட்டது.